சங்கு ஊதாத வெடி

போன வருடம் தீபாவளி முடிந்த கையோடு நடந்தது இது. அரியலூருக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. எனக்கு வேலை பெரம்பலூரில், ஒரு தனியார் கல்லூரி ஆபீஸில். தினமும் பஸ்ஸில்தான் போக்குவரத்து. எங்கள் தெருவில் யாருக்காவது மனு எழுத வேண்டுமா, எந்த செல்போன் வாங்கலாம் என்று கேட்க வேண்டுமா, "சாரக் கேளு" என்று என் வீட்டைக் கை காட்டிவிடுவார்கள். அந்த மரியாதையை நானும் ஒரு சொட்டு வீணாக்காமல் அனுபவித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்தவன் என்று ஊர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, நாமும் அதை நம்ப ஆரம்பித்துவிடுவோம் இல்லையா, அந்த நிலைமையில் இருந்தேன்.

வீட்டில் பெரிய டிவி வாங்கி வெகுநாள் ஆகியிருந்தது. படம் பளிச்சென்று தெரியும். சத்தம் மட்டும் ஜலதோஷம் பிடித்தவர் பேசுவதைப் போல வரும். என் மனைவிக்கு டிவியே வேண்டாம், பாட்டு இருந்தால் போதும். சமைக்கும்போது செல்போனில் பாட்டைப் போட்டு, சத்தம் கூடுவதற்காக அதை ஒரு எவர்சில்வர் டபராவுக்குள் நிறுத்தி வைத்துக் கேட்பாள். தீபாவளிக்கு போனஸ் வந்ததும் நல்ல ஸ்பீக்கர் வாங்கிவிடுவது என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தோம். ஒருமனது அதோடு சரி.

பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் செல்போனில் அதைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். கையில் இருப்பது கொஞ்சம் என்றால் பாட்டுக்கும் படத்துக்கும் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை வாங்கிவிட முடியாது. பாட்டுக்கு இரண்டே இரண்டு பெட்டி போதும், ஆனால் அந்த இரண்டும் தரமாக இருக்க வேண்டும். படத்துக்கு அப்படி இல்லை. சண்டை, இடி, குண்டு எல்லாம் நெஞ்சில் வந்து மோத வேண்டும், அதற்கு சப்-ஊஃபர் என்ற பெரிய பெட்டி வேண்டும், சுற்றிலும் சின்னச் சின்னப் பெட்டிகள் வேண்டும். அதே பணத்தை அத்தனை பெட்டிக்கும் பங்கு வைத்தால் பாட்டுக்கு மிஞ்சுவது தகர டப்பாதான். இதையெல்லாம் நான் மனைவியிடம் விளக்கமாகச் சொல்லவில்லை. சொன்னால் பாட்டுப் பெட்டிதான் வாங்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் இருந்த கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வியே, "வூட்டுல எதுங்க அதிகமா ஓடும், பாட்டா படமா?" என்பதுதான். அவள் பாட்டு என்றாள், அதே நேரத்தில் நான் படம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டையும் போட்டுக் காட்டினார். இரண்டு பெட்டிகளில் ஒரு பழைய பாட்டு ஓடியது. பாடுகிறவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. என் மனைவி நின்று முழுப் பாட்டையும் கேட்டாள். அடுத்து ஹோம் தியேட்டரில் ஒரு சண்டைப் படம். கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது, எனக்குக் கால் வழியாக ஏறி நெஞ்சு வரைக்கும் வந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

"வெடிச்சத்தம் கேக்கத்தான் இம்புட்டு தூரம் வந்தீங்களா? அதான் நம்மூர்ல தெனம் மத்தியானம் ஓசியிலயே வெடிக்கிறாங்களே" என்றாள் அவள். கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நானும் சிரித்துக்கொண்டே ஹோம் தியேட்டரைக் கட்டித் தரச் சொன்னேன்.

அவள் சொன்ன வெடியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைப்பார்கள். முதலில் சங்கு ஊதும். சாலையில் சிவப்புக் கொடியோடு ஆள் நிற்பார், வண்டிகளை நிறுத்துவார். அப்புறம் தரைக்கு அடியிலிருந்து ஒரு 'தும்'. அலமாரிப் பாத்திரங்கள் ஒருமுறை கிலுங்கி அடங்கும். எங்களுக்கு அது கடிகாரம் மாதிரி. வெடிக்கு முன்னால் வந்துவிட்டேன், வெடிக்கு அப்புறம் போகலாம் என்றுதான் பேசிக்கொள்வோம். பழக்கமாகிவிட்ட விஷயம்தான் என்றாலும், வீட்டுச் சுவரில் எங்கே ஒரு கீறல் விழுந்தாலும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வெடிதான். அது வெடியால் வந்ததா, கட்டின லட்சணமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எங்கள் வீடு ஒரு காலத்தில் பெரிய வீட்டின் பாதி. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் எழுப்பி இரண்டாக்கி விற்றுவிட்டார்கள். ஒரு பாதி எங்களுக்கு. மறுபாதியில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஓர் அக்கா. கணவர் இல்லை. அந்தத் தீபாவளி சமயத்தில் அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பிறந்து, குழந்தையோடு அங்கேதான் இருந்தாள்.

சப்-ஊஃபரை எங்கே வைத்தால் சத்தம் அதிகம் வரும் என்பதையும் வீடியோவில் பார்த்து வைத்திருந்தேன். மூலையில், சுவரை ஒட்டி, தரையில். அப்படி வைத்தால் அதிர்வு இரண்டு மடங்கு தெரியும் என்று ஒருவர் படம் வரைந்து விளக்கியிருந்தார். எங்கள் கூடத்தில் அப்படி இருந்தது ஒரே மூலைதான், அந்த நடுச்சுவர் மூலை. அங்கேயே வைத்தேன். ஆபீஸிலிருந்து வந்ததும் முகம் கழுவி, காப்பியோடு உட்கார்ந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு சண்டைப் படத்தைப் போட்டுவிடுவேன். என் மனைவி ஒரே ஒருமுறை அதில் பாட்டுப் போட்டுப் பார்த்தாள். பாடுகிறவர் தொண்டைக்குள் யாரோ மத்தளத்தை வைத்து அடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, டபராவுக்கே திரும்பிப் போனாள்.

அவள் சொல்லாமலும் இல்லை. "சத்தத்தக் கொறைங்க, பக்கத்துல பச்சப்புள்ள இருக்கு" என்றாள். நான் உடனே குறைத்தேன். ஆனால் குறைத்ததும் படம் சப்பென்று ஆகிவிட்டது. அந்தப் பெட்டியில் 'தும்'மென்ற சத்தத்துக்கு மட்டும் தனியாக ஒரு திருகு உண்டு. பேச்சுச் சத்தத்தைக் குறைத்துவிட்டு அந்தத் திருகை முழுக்க ஏற்றினேன். கூடத்தில் உட்கார்ந்து கேட்டால் சத்தம் குறைந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. அவளும் அப்படியே நினைத்துக்கொண்டு பின்கட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். பச்சைக்குழந்தைக்காக விட்டுக்கொடுத்தவன் என்று என் மேல் எனக்கே ஒரு பெருமை.

கொஞ்ச நாள் போனது. ஒரு நாள் காலையில் அக்கா மாவுத் தூக்கோடு எங்கள் வாசலுக்கு வந்தார். மாவைக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"தம்பி, இப்பல்லாம் சாயங்காலத்துலயும் வெடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. சங்கும் ஊதுறதில்ல ஒண்ணும் ஊதுறதில்ல. பச்சப்புள்ள தூங்கிக்கிட்டே தூக்கித் தூக்கிப் போடுது தம்பி."

"எனக்கு ஒண்ணும் கேக்கலயேக்கா."

"நீங்க படம் பாத்துக்கிட்டு இருப்பீங்க, எப்புடிக் கேக்கும்?"

அதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்காகக் காரணம் தேடிச் சொன்னார். ஆமாம் அக்கா, அதுதான் என்று நானும் தலையாட்டினேன். இப்போது அதை நினைத்தால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவருக்குப் பயம் வெறும் சத்தத்தால் அல்ல. அவர் வீட்டு உள்ளறையில் ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல் இருந்தது. நாங்கள் ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்பிருந்தே இருக்கிறது. மதிய வெடியால் வந்தது என்று அவர் சுரங்க ஆபீஸுக்குப் பலமுறை போய்ச் சொல்லியும், வந்து பார்க்கிறோம் என்ற பதில்தான் கிடைத்தது. அந்த அறையில்தான் குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தார்கள். வேறு அறை கிடையாது. சாயங்காலமும் வெடித்தால் அந்தச் சுவர் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டபோது அக்காவின் குரல் இறங்கிவிட்டது. மகள் இரவெல்லாம் குழந்தையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றைக்கே மனு எழுதினேன். சங்கு ஊதாமல், முன்னறிவிப்பு இல்லாமல், குடியிருப்புப் பகுதிக்கு அருகில் மாலை வேளையில் வெடி வைப்பதாக நல்ல தமிழில், காரசாரமாக. கூடவே அக்கா வீட்டு விரிசலையும் சேர்த்தேன். தெருவில் படித்துக் காட்டியபோது எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டு ஜன்னலும் ஆடியது என்றார். கோடிவீட்டுக்காரர் தன் பசு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது என்று சத்தியம் செய்தார். தெருவே திரண்டு சுரங்க ஆபீஸுக்குப் போனோம். அக்காவை முன்னால் உட்கார வைத்துவிட்டு நான்தான் பேசினேன். நடுநடுவே இங்கிலீஷும் கலந்து பேசினேன். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா என் பேச்ச யாரு தம்பி மதிப்பா?" என்றார்.

ஆபீஸிலும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். சாயங்காலத்தில் நாங்கள் வெடிப்பதே இல்லை, இருந்தாலும் வந்து அளந்து பார்த்துவிடுகிறோம் என்றார்கள். அதிர்வு நிஜம் என்றால் விரிசல் விழுந்த வீட்டையும் அதோடு சேர்த்துக் கவனிப்பதாகச் சொன்னார்கள். அக்காவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மறுநாள் சாயங்காலமே ஒரு என்ஜினியர் அதிர்வை அளக்கும் கருவியோடு வந்தார். நடுவயதுக்காரர், அதிர்ந்து பேசாதவர். அக்கா வீட்டு உள்ளறையில், நடுச்சுவர் ஓரமாகத் தரையில் கருவியை வைத்தார். தரை ஆடினால் அதன் திரையில் கோடு எழும்பும், ஆடாவிட்டால் படுத்திருக்கும்.

தெருவுக்குப் பிரதிநிதி நான் இல்லாமலா? பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன். அவர் போட்டுத் தந்த டீயைக் குடித்துக்கொண்டு, என்ஜினியர் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு படுத்தே கிடந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். நான் அங்கே உட்கார்ந்திருக்கும்வரை அது எழும்பாது என்று எனக்கு உறைக்கவே இல்லை பாருங்கள்.

நாளாக ஆக, கூட்டம் குறைந்தது. ஆமாம் ஆமாம் என்றவர்களே இப்போது வேறு மாதிரி பேசினார்கள். பேத்தி பிறந்ததிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் கெட்டுக் காதில் என்னென்னவோ கேட்கிறது என்று எதிர்வீட்டுக்காரர் என் காதுபடவே சொன்னார். விரிசலுக்குப் பணம் பார்க்க நினைக்கிறாள் என்று இன்னொருவர். அக்கா ஒவ்வொருவரிடமாகப் போய், சூடம் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள், "வுட்டுடும்மா, மானம் போவுது" என்று அழுதாள். நானும்கூட உள்ளுக்குள் அக்காவைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன். இவரை நம்பி மனு எழுதி என் பெயர் கெட்டுவிட்டதே என்றுதான் கவலையாக இருந்தது.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இன்றோடு கருவியை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று என்ஜினியர் சொல்லியிருந்ததால், என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று தெருவே மறுபடியும் கூடியிருந்தது. அன்றைக்கு என் மச்சினன் சிறுவாச்சூர் கோயிலுக்கு வந்துவிட்டு, அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தான். வந்தவனைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டு நான் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உள்ளறையில் குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. என்ஜினியர் கருவியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தரையிலிருந்து கிளம்பியது. தும். கொஞ்சம் விட்டு இன்னொன்று. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிலுங்கின. திரையில் கோடு எகிறியது. தூளிக்குள் குழந்தை இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கிப்போட்டு, மூச்சை இழுத்து, வீல் என்று அலறியது. அவ்வளவு சின்ன உடம்பு அப்படி உலுக்கிப் போடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இந்தா, கேட்டீங்களா சார்? கேட்டீங்களா எல்லாரும்? பொய் சொல்றேன்னீங்களே என்னிய" என்று அக்கா அழுதுகொண்டே கேட்டார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

எனக்கு மட்டும் அந்த நேரத்தில் வேறு ஒன்று தெரிந்துவிட்டது. இரண்டு சத்தம், அப்புறம் ஓர் இடைவெளி. அது எனக்கு மனப்பாடமான இடம். கதாநாயகன் பாலத்தைத் தாண்டி ஓடுவான், பின்னால் இரண்டு குண்டு வெடிக்கும், அவன் திரும்பிப் பார்ப்பான், அப்புறம் பாலமே போகும். பெரிய சத்தம் இனிமேல்தான் வரும். மச்சினனுக்கு என் மனைவி படம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். நினைத்து முடிப்பதற்குள் அது வந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த என் முதுகில் அடித்தது. என் ஸ்பீக்கரின் சத்தம் பக்கத்து வீட்டில் எப்படி இருக்கும் என்று அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். பேச்சு இல்லை, இசை இல்லை, அடி மட்டும்தான் வந்தது.

அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். எழுதிய மனு, ஆபீஸில் பேசிய இங்கிலீஷ், சுற்றி நிற்கும் தெரு, எல்லாம் கண் முன்னால் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அக்காவே ஜெயித்துவிட்டாரே, சுவரைச் சரிசெய்து கொடுத்துவிடுவார்களே, நான் எதற்குக் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். அது அக்காவுக்காக நினைத்த நியாயம் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

என்ஜினியருக்கு முகம் வெளிறிவிட்டது. செல்போனில் சுரங்கத்துக்குப் பேசினார். மதியத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. "எங்க ஆளுங்க யாரும் வெடிக்கலன்னு சொல்றாங்களேங்க" என்றார் திணறிக்கொண்டு. "அப்ப எம் பேத்தி நடிக்குதா?" என்று அக்கா திருப்பிக் கேட்டார். வாசலில் நின்றவர்கள் உள்ளே நெருக்கிக்கொண்டு வந்தார்கள். நேற்றுவரை அக்காவைக் கேலி செய்தவர்கள்தான். பெரிய அதிகாரி வரும்வரை இவரை வெளியே விடக் கூடாது என்று ஒருவர் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். என்ஜினியர் உதவிக்கு என் முகத்தைப் பார்த்தார். சார், நீங்களாவது சொல்லுங்கள் என்பது மாதிரி. அப்போதும் நான் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

என்னைக் காட்டிக்கொடுத்தது படம்தான். பாலம் விழுந்ததும் அந்தப் படத்தில் ஒரு குத்துப்பாட்டு வரும். மச்சினன் சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றியிருப்பான் போல. சுவரிலிருந்து தும், தும், ததும் என்று வர ஆரம்பித்தது. திரையில் கோடு அதே கணக்கில் எழும்பி எழும்பி விழுந்தது. கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். வெடி எங்கேயாவது தாளம் போடுமா? கோடிவீட்டுக்காரர் சுவரில் காதை வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சார், உங்க வூட்டுல யாருங்க இருக்கா?" என்று என்ஜினியர் மெதுவாகக் கேட்டார். அந்த நிலைமையிலும் என்னை சார் என்றுதான் கூப்பிட்டார்.

எழுந்து ஓடினேன். கூடத்தில் மச்சினன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் பிளக்கைப் பிடுங்கி எறிந்ததும், "என்ன மாமா, நல்லா சூப்பராதான இருந்துச்சு" என்றான். சமையலறையிலிருந்து வந்த என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அந்த மூலையைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெளியே தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். ஆனால் சிரிப்பெல்லாம் அக்கா வீட்டு வாசலில் நடந்தது. வெடியாம் வெடி, சினிமா பார்க்கக் காசு இல்லாமல் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறாள் என்று யாரோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு.

மன்னிப்புக் கேட்கத் திரும்பிப் போனபோது என்ஜினியர் கருவியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை, விரிசலைப் பற்றியும் பேசவில்லை, வரேங்க என்று அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா தரையில் உட்கார்ந்து, காலில் குழந்தையைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்கிற மாதிரி எதையோ உளறியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மாதிரி ஒன்றுதான் கேட்டார்.

"நீங்க கொழாயத் தொறந்தாக்கூட எங்களுக்குக் கேக்கும் தம்பி. இத்தினி நாளா எம் பேத்தி அலறுனது ஒரு நாளாச்சும் உங்களுக்குக் கேக்கலீங்களா?"

கேட்கவில்லை என்றுதான் நான் சொல்ல வேண்டும், அதுதான் உண்மை. நான் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வாரமே ஹோம் தியேட்டரைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, அதே கடையில் பாட்டுக்கான இரண்டு சின்னப் பெட்டிகளை வாங்கி, நடுச்சுவருக்கு எதிர்ப்பக்கத்தில் மேசை மேல் வைத்தோம். இப்போது என் மனைவி அதில் பாட்டுக் கேட்கிறாள். இதைச் செய்துவிட்டதால் பிரச்சினை முடிந்தது என்று முதலில் நினைத்தேன். சத்தம் நின்றது, குழந்தையும் நிம்மதியாகத் தூங்கியது. ஆனால் அக்கா வீட்டு விரிசல் அப்படியே இருந்தது. அது என் ஸ்பீக்கரால் வந்தது இல்லையே. மதிய வெடியும் வழக்கம்போல வைக்கத்தான் செய்கிறார்கள். முன்பெல்லாம் வெடி முடிந்ததும் அக்கா வெளியே வந்து, இன்றைக்கு ரொம்ப பலம் என்றோ, சுவர் ஆடியது என்றோ நான்கு பேரிடம் சொல்வார். அதற்கப்புறம் ஒருமுறை அப்படிச் சொன்னபோது எதிர்வீட்டுக்காரர், "எந்தப் படம்க்கா?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதிலிருந்து அக்கா வெளியே வருவதில்லை.

நானே சுரங்க ஆபீஸுக்குப் போனேன். மாலைச் சத்தம் முழுக்க என் தப்பு, ஆனால் அந்த அக்கா வீட்டு விரிசல் பழையது, அதைத் தயவுசெய்து வந்து பாருங்கள் என்று இந்த முறை இங்கிலீஷ் கலக்காமல் சொன்னேன். பார்க்கிறோம் சார் என்றார்கள். சொல்லும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுவரை யாரும் வரவில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் அக்காவிடம் போய், நானே கொத்தனாரை வரச்சொல்லி அந்தச் சுவரைப் பூசிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் மாவு அளந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே சொன்னார்.

"வேணாம் தம்பி. நீங்க பூசிக் குடுத்தா, இதுவும் உங்க பொட்டியால வந்ததுதான்னு ஆயிடும். அப்பறம் நான் சொன்னது எல்லாமே பொய்யின்னு ஆயிடும்ல."

இன்றைக்கும் மதியம் சங்கு ஊதி, அந்த ஒரு 'தும்' வந்து பாத்திரங்கள் கிலுங்கி அடங்கியதும், விடுமுறை நாளில் வீட்டில் இருந்தால் நான் வாசலுக்கு வந்து பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். தூளி இன்னும் அந்த அறையில்தான் தொங்குகிறது, ஆனால் அந்தச் சுவரைப் பற்றி இனி அக்கா வாய் திறக்க மாட்டார், திறந்தாலும் நம்ப ஆள் இல்லை என்று நினைக்கும்போதெல்லாம் கூனிக்குறுகிப் போகிறேன்.